கரும்பலகையிலிருந்து கணினித் திரைக்கு: வேலையிடப் பயிற்சியும் நம்மவர்களும்

கல்வி என்றவுடன் நம்மில் பலருக்குப் பள்ளியும் பல்கலைக்கழகமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு மனிதன் கல்விக்கூடத்தில் கழிக்கும் ஆண்டுகளைவிட வேலையிடத்தில் கழிக்கும் ஆண்டுகளே அதிகம். அங்கேயும் அவன் கற்றுக்கொண்டேதான் இருக்கிறான். புதிய இயந்திரம் வந்தால் கற்க வேண்டும். புதிய சட்டம் வந்தால் கற்க வேண்டும். பதவி உயர்வு வேண்டுமென்றால் அதற்கும் கற்க வேண்டும். இக்கல்விக்கு வேலையிடப் பயிற்சி என்று பெயர். ஒரு தொழிலாளியின் சம்பளத்தையும் பாதுகாப்பையும் எதிர்காலத்தையும் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஒரே நாளில் பயிற்சி அறைகள் மூடப்பட்டன. சில வாரங்களிலேயே பல நிறுவனங்கள் தங்கள் பயிற்சிகளைக் கணினித் திரைக்கும் கைப்பேசிக்கும் கொண்டுசென்றன. பின்னர்க் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அறைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆயினும், போன பயிற்சிகள் அனைத்தும் திரும்பி வரவில்லை. செலவு குறைவு, நேரம் மிச்சம் என்ற காரணங்களால் இணையவழிப் பயிற்சி நிலைத்துவிட்டது.

இந்த மாற்றத்தில் யார் முன்னே சென்றார்கள்? யார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்? நாளை மனிதவள அதிகாரிகளாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பணியாற்றப்போகும் நாம் இக்கேள்விக்கு விடை தேட வேண்டியவர்கள். அவ்வகையில், வகுப்பறைப் பயிற்சியை இணையத்திற்கு மாற்றுவது என்றால் என்ன, அதை எப்படிச் செய்ய வேண்டும், அதில் நம் மக்களுக்கு என்ன நேர்கிறது என்பவற்றை மலாக்கா மாநிலத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பெரட்டுக் களமும் உற்பத்திக் கூடமும்

மலாயாவின் இரப்பர் வரலாறு மலாக்காவில் தொடங்கியது எனலாம். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவானது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழர் குடியிருப்புகளும் தமிழ்ப்பள்ளிகளும் பெருகின. இன்றும் இம்மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன.

அன்றைய தோட்டத்தில் பயிற்சி எப்படி நடந்தது? மரம் சீவுதல் எளிய வேலையன்று. பட்டையின் உட்புறத்தில் வளர்திசுப் படலம் ஒன்று இருக்கிறது. அதன்மீது உளி பட்டால் மரம் காயப்படும். புதிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆகவே, அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டுச் சீவ வேண்டும். அதற்கு மேல் மிச்சம் விட்டால் பால் குறையும். சரிவும் சரியாக அமைய வேண்டும். அப்பொழுதுதான் பால் வழிந்து ஓடாமல் மங்கில் வந்து விழும். இதற்குப் பாடநூல் கிடையாது, கரும்பலகையும் கிடையாது. தாயின் நிரையில் நின்று மகள் கற்றாள். மண்டோர் பின்னால் வந்து வெட்டைப் பார்த்துச் சொன்னார். பெரட்டுக் களத்தில் அன்றைய கட்டளை வாய்மொழியாகத் தமிழில் வந்தது. கண்ணால் பார்த்து, கையால் செய்து, தவறினால் உடனே திருத்தப்பட்டு, தாய்மொழியில் கேட்டுக் கற்ற கல்வி அது.

1970ஆம் ஆண்டுகளில் நிலை மாறத் தொடங்கியது. பத்து பெரண்டாமில் தொழிற்பேட்டை எழுந்தது. 1973இல் சீமென்ஸ் நிறுவனம் மலாக்காவில் தொடங்கிய குறைக்கடத்தி ஆலையே இன்று இன்ஃபினியன் என்னும் பெயரில் இயங்குகிறது. 2003இல் பெகோவில் ஹோண்டா கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மரம் சீவியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின.

தொழிற்சாலையில் பயிற்சி என்பது ஓர் அறைக்குள் வந்தது. எடுத்துக்காட்டாக, குறைக்கடத்தி ஆலையில் வேலைக்குச் சேரும் ஒருவர் முதலில் நிலைமின்னைப் பற்றிக் கற்க வேண்டும். நம் உடலில் தேங்கும் மின்னூட்டம் நமக்குத் தெரியாமலேயே ஒரு நுண்சில்லைப் பாழாக்கிவிடும். அதனால்தான் மணிக்கட்டில் நிலக்கம்பிப் பட்டை அணிகிறார்கள். 'ஏன்' என்ற இக்காரணம் புரியாவிட்டால், அவசரத்தில் பட்டையைக் கழற்றி வைக்கத்தான் தோன்றும். அக்காரணத்தை விளக்கத்தான் பயிற்றுநரும் அறையும் வெண்பலகையும் தேவைப்பட்டன.

வகுப்பறை செய்துவந்த வேலைகள்

வகுப்பறைப் பயிற்சி என்றால் ஒருவர் பேச, முப்பது பேர் கேட்பது என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும். அதை அப்படியே காணொலியாகப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோரும் உளர். ஆனால், அந்த அறை வெளியில் தெரியாமல் வேறு பல பணிகளையும் செய்துவந்தது.

முதலாவதாக, அது நேரத்தை ஒதுக்கித் தந்தது. பயிற்சிக்குப் போன தொழிலாளியை அன்று யாரும் உற்பத்திக்கு அழைப்பதில்லை. சம்பளத்தோடு கற்கும் நாள் அது.

இரண்டாவதாக, அது மொழிபெயர்த்தது. பயிற்றுநர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். புரியாதவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம், "அக்கா, என்ன சொல்றாரு?" என்று மெல்லக் கேட்பார். அந்த அக்காவும் நான்கு சொற்களில் சொல்லிவிடுவார். எந்தப் பயிற்சித் திட்டத்திலும் எழுதப்படாத, எந்த நிறுவனமும் சம்பளம் கொடுக்காத மொழிபெயர்ப்பாளர் அவர்.

மூன்றாவதாக, அது முகங்களைக் காட்டியது. அனுபவம் உள்ள பயிற்றுநர், தலையாட்டுகிறவர்களில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பதைப் பார்வையிலேயே அறிந்துகொள்வார். உடனே உதாரணத்தை மாற்றுவார்.

நான்காவதாக, அது கையில் கொடுத்துச் செய்ய வைத்தது. தீயணைப்புக் கருவியைத் தூக்கிப் பார்க்காமல் அதன் எடை தெரியாது.

இந்த நான்கும் திரைக்கு மாறும்போது தாமாக வந்து சேர்வதில்லை. திரையில் பக்கத்து நாற்காலி இல்லை. ஆகவே, இணையவழிப் பயிற்சியை வடிவமைப்பவர் இந்நான்கிற்கும் மாற்று வழிகளைத் தாமே திட்டமிட்டு அமைக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

சட்டமும் நிதியும்

பயிற்சி என்பது முதலாளியின் கருணையன்று. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தொழிலாளர்களின் பாதுகாப்புக்குத் தேவையான தகவல், போதனை, பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை வழங்குவது முதலாளியின் கடமை என்கிறது. இச்சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

நிதிக்கும் வழி உண்டு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மனிதவள மேம்பாட்டு நிதி உருவானது. பின்னர் 2001ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பெம்பாங்குனான் சும்பர் மனுசியா நிறுவனத்தின் பொறுப்பில் வைத்தது. இன்று அது எச்.ஆர்.டி. கார்ப் என்று அழைக்கப்படுகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட, சட்டத்திற்கு உட்பட்ட நிறுவனங்கள் அவர்களது மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டிற்கு நிகரான தொகையை இந்நிதிக்குச் செலுத்த வேண்டும். 2021இல் மேலும் பல துறைகள் இதனுள் கொண்டுவரப்பட்டன. இப்பணத்தைத் தொழிலாளர் பயிற்சிக்காக நிறுவனங்கள் திரும்பப் பெறலாம். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி நேரலைப் பயிற்சிக்கும் இந்நிதியைப் பயன்படுத்த வழி திறந்தது. இ-லாத்தி என்னும் இணையப் பயிற்சித் தளமும் தொடங்கப்பட்டது.

அரசு ஊழியர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. 2005ஆம் ஆண்டில் வெளியான பொதுத்துறைப் பயிற்சிக் கொள்கை, ஓர் ஊழியர் ஆண்டிற்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று வரையறுத்தது. இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகத்தின் எப்சா தளத்தில் ஊழியர்கள் இணையவழியாகவே பாடங்களைப் பயில முடிகிறது.

ஆக, சட்டமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பணம் எவ்வகைப் பயிற்சிக்கு, எந்த மொழியில், யாருக்காகச் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

இணையவழிப் பயிற்சி என்பது என்ன?

தொலைவிலிருந்து கற்பது புதிய சிந்தனையன்று. 1840ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல்வழி கற்பித்தார். 1969இல் அங்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. வேலை செய்துகொண்டே இவ்வழியில் பட்டம் பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை நாம் அறிவோம். எனவே, தொலைவிலிருந்து கற்பது நம் சமுதாயத்திற்கு எட்டாத ஒன்றன்று.

இணையவழிப் பயிற்சியை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை நேரலைப் பயிற்சி. பயிற்றுநரும் பயில்வோரும் ஒரே நேரத்தில் காணொலிச் சந்திப்பில் கூடுவர். கேள்வி கேட்கலாம், ஆனால், அந்த நேரத்தில் இணைய வசதி இருந்தாக வேண்டும். இரண்டாம் வகை தன்வேகப் பயிற்சி. பாடங்களும் காணொலிகளும் வினாக்களும் ஒரு தளத்தில் இருக்கும். விரும்பும் நேரத்தில் கற்கலாம். புரியாத பகுதியைப் பத்து முறைகூடப் பார்க்கலாம். எனினும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. மூன்றாம் வகை கலப்புப் பயிற்சி. கருத்துகளைத் திரையில் கற்று, செய்முறையை நேரில் பயில்வது.

பாடங்களை வைத்திருந்து, யார் படித்தார், யார் தேர்ச்சி பெற்றார் என்பதைப் பதிவு செய்யும் மென்பொருளுக்குக் கற்றல் மேலாண்மை அமைப்பு என்று பெயர். 2002இல் வெளிவந்த மூடல் அவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று. இது கட்டணமற்ற திறமூல மென்பொருள். ஆகவே, பெரிய நிறுவனங்களால் மட்டுமே இது முடியும் என்ற எண்ணம் தவறு. சிறிய சங்கமும் கூட்டுறவுக் கழகமும்கூட இதனை நிறுவலாம்.

எதை மாற்றலாம்? எதை மாற்றக் கூடாது?

ஒரு பயிற்சியில் மூன்று கூறுகள் கலந்திருக்கும். அவை அறிவு, திறன், மனப்பாங்கு. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே மாற்றத்தின் முதற்படி.

அறிவைத் திரைக்கு மாற்றலாம். நிறுவனத்தின் விடுப்பு விதிமுறை, இரசாயனக் கலன்களில் உள்ள செஞ்சட்டக் குறியீடுகளின் பொருள், ஓர் இயந்திரத்தின் பாகங்கள் ஆகியவற்றைச் சொல்ல நான்கு மணி நேரம் ஓர் அறையில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

திறனைத் திரையில் காட்டலாமே தவிர, திரையில் வளர்க்க முடியாது. ஃபோர்க்லிஃப்டை ஓட்டுவதைக் காணொலியில் நூறு முறை பார்த்தாலும், சுமையோடு திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் எவ்வளவு வீசுகிறது என்பதை இருக்கையில் அமர்ந்தால்தான் உணர முடியும். செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதை அறிய, தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பாதியை அறியலாம். மீதியைத் தோட்டத்தில் நின்றுதான் அறிய வேண்டும்.

மனப்பாங்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. "அவசரமாக இருந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை விடுவேன்" என்ற உறுதி, மதிக்கும் ஒருவர் நேரில் சொல்லும்போது ஆழமாகப் பதிகிறது. விபத்தில் விரலை இழந்த ஒரு மூத்த தொழிலாளியின் ஐந்து நிமிடப் பேச்சு, ஐம்பது பக்க விளக்கப்படத்தைவிட வலிமையானது. அப்பேச்சை அவரது ஒப்புதலோடு பதிவு செய்து திரையில் தரலாம். அதன்பின் கலந்துரையாடலை நேரில் வைக்கலாம்.

மாற்றும் வழிமுறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலையில் இரசாயனம் கையாளும் 30 தொழிலாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி, அதாவது 7 மணி நேரம் நடத்தப்பட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். இதனை எவ்வாறு மாற்றுவது?

முதற்படி, வேலையிடத்தைப் பார்ப்பது. பழைய விளக்கப்படங்களைக் கையில் எடுப்பதற்கு முன், தொழிலாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எங்கே தவறு நேர்கிறது என்பதை உற்பத்திக் கூடத்தில் நின்று கவனிக்க வேண்டும். சொல்லித் தரும் ஏழு மணி நேரத்தில் தேவையற்றவை எவ்வளவு என்பது அப்பொழுதுதான் தெரியவரும்.

இரண்டாம் படி, நோக்கத்தை வினைச்சொல்லால் எழுதுவது. 'இரசாயனப் பாதுகாப்பை அறிவர்' என்பது நோக்கமாகாது. 'குறியீட்டைப் பார்த்து ஆபத்தைச் சொல்வர். கண்ணில் பட்டால் எங்கே ஓடி, எப்படிக் கழுவ வேண்டும் என்பதைச் செய்து காட்டுவர்' என்பதே நோக்கம்.

மூன்றாம் படி, பிரிப்பது. நம் எடுத்துக்காட்டில், அறிவு சார்ந்த பகுதியைப் பத்து நிமிடப் பாடங்களாக ஒன்பதாகப் பிரிக்கலாம். மொத்தம் 90 நிமிடம். இரண்டு வாரத்தில், வேலை தொடங்குமுன் ஒரு நாளைக்கு ஒன்று என்று கற்கலாம். ஒரே நாளில் திணிக்கப்பட்டது விரைவில் மறந்துபோகும் என்பதையும், இடைவெளி விட்டு மீண்டும் நினைவுபடுத்தினால் நிலைக்கும் என்பதையும் எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1885ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். எஞ்சிய செய்முறைக்கு, பத்துப் பேர் கொண்ட மூன்று குழுக்களாக இரண்டு மணி நேரம் நேரில் பயிற்சி அளிக்கலாம். ஆக, ஒருவருக்கு 7 மணி நேரம் மூன்றரை மணி நேரமாகக் குறைகிறது. ஆயினும், ஒவ்வொருவர் கையும் கருவியைத் தொட்டுவிடுகிறது. முப்பது பேர் இருந்த அறையில் அது நடந்திருக்காது.

நான்காம் படி, சிறு குழுவிடம் சோதித்துப் பார்ப்பது. அக்குழுவில் கணினி தெரிந்த இளைஞர்களை மட்டும் சேர்க்கக் கூடாது. ஐம்பது வயதைக் கடந்தவர், கைப்பேசியில் பேச மட்டுமே தெரிந்தவர், இரவு ஷிப்ட் செய்பவர் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். அவர்கள் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

ஐந்தாம் படி, பழைய பயிற்றுநரைக் கைவிடாமல் இருப்பது. அறையில் பேசிப் பழகியவர் கேமராவின் முன் தயங்குவது இயல்பு. அவருக்கும் பயிற்சி தேவை. விரிவுரையாளராக இருந்தவர், இனி வினாக்களுக்கு விடை சொல்பவராகவும் செய்முறையைத் திருத்துபவராகவும் மாறுகிறார். தோட்டத்து மண்டோர் செய்துவந்த வேலைக்கு இது நெருக்கமானது.

தமிழில் ஏன் இல்லை?

இனி, நம்மை நேரடியாகத் தொடும் செய்திக்கு வருவோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் பலர். அவர்கள் தமிழ் நாளிதழைச் சரளமாகப் படிப்பார்கள். மலாய் நன்றாகப் பேசுவார்கள். ஆனால், ஒரு பக்க மலாய் எழுத்தைப் படிக்க நேரம் பிடிக்கும். ஆங்கிலம் இன்னும் தொலைவு. வகுப்பறையில் அவர்களைக் காப்பாற்றியது அந்தப் பக்கத்து நாற்காலிதான். தன்வேகப் பயிற்சியில் அவர்கள் தனியே திரையின் முன் அமர்கிறார்கள். இறுதித் தேர்வில் தவறினால், வேலை தெரியாதவர் என்று பதிவாகிறது. உண்மையில் அவருக்குத் தெரியாதது வேலையன்று; அந்தத் திரையின் மொழி. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் பதவி உயர்வில் பின்தங்குவதற்கு இது போதும்.

இதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துரு ஒரு கணினியில் தெரியும், மறு கணினியில் கட்டங்களாகத் தோன்றும். அக்காலம் போய்விட்டது. தமிழ் இணைய மாநாடு 2001இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். ஒருங்குறி வந்தபின் எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறது. கோயில் திருவிழாச் செய்தியும் சமையல் குறிப்பும் நம் பெற்றோரின் கைப்பேசிக்குத் தமிழில்தானே வருகின்றன?

வகுப்பறையில் தமிழில் பயிற்சி நடத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் தமிழறிந்த பயிற்றுநர் ஒருவரைத் தேட வேண்டும். இணையவழிப் பயிற்சியில் அந்தச் சிக்கல் இல்லை. பத்து நிமிடக் காணொலிக்கு ஒரு முறை தமிழ்க் குரல் பதிவு செய்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பயன்படும். அதே படத்திற்கு நேப்பாள மொழியிலும் வங்காள மொழியிலும் குரல் சேர்க்கலாம். அத்தொழிலாளர்களும் நம்மோடு அதே கூடத்தில் நிற்பவர்கள்தாமே. ஆகவே, இணையம் தமிழுக்கு இடையூறன்று. வகுப்பறையால் தர முடியாத வாய்ப்பை அது தருகிறது. வடிவமைப்பின்போது யாரும் கேட்காததால்தான் அவ்வாய்ப்பு வீணாகிறது.

யாருடைய நேரம்? யாருடைய கைப்பேசி?

மற்றொரு சிக்கலும் உண்டு. 'எங்கும் எப்பொழுதும் கற்கலாம்' என்பது இணையவழிப் பயிற்சியின் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஆனால், 'எப்பொழுதும்' என்பது சில வேளைகளில் 'வேலை முடிந்தபின் வீட்டில்' என்று பொருள்படுகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, பேருந்தில் வீடு திரும்பி, சமைத்துப் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கட்டாயப் பாடத்தைத் திறக்கும் ஒரு தாய்க்கு அது வசதியா, சுமையா?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, வார வேலை நேரத்தின் உச்ச வரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. குறைந்த அந்த மூன்று மணி நேரத்தைக் கட்டாயப் பயிற்சி பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டால் பயன் என்ன? வேலைக்காகக் கற்பதும் வேலையே. ஆகவே, ஷிப்ட் நேரத்திற்குள் பயிற்சிக்கு இடம் ஒதுக்க வேண்டும். வேலையிடத்திலேயே இரண்டு மூன்று கணினிகளை ஓர் அமைதியான மூலையில் வைக்க வேண்டும். சொந்தக் கைப்பேசியில்தான் கற்க வேண்டும் என்றால், அதற்கான தரவுச் செலவை நிறுவனம் ஏற்பதே முறை. உள்வட்டாரத் தோட்டங்களில் இணைய அலை வலுவாக இல்லாத இடங்களும் உள்ளன. அங்குள்ளோருக்குப் பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்து வைத்துப் பார்க்கும் வசதி வேண்டும்.

சான்றிதழா, திறனா?

பயிற்சியின் பயனை அளக்க, 1959இல் டொனால்ட் கிர்க்பேட்ரிக் நான்கு நிலைகளைக் கூறினார். பயின்றவர் பயிற்சியைப் பற்றி என்ன நினைத்தார், என்ன கற்றார், வேலையில் அதைக் கடைப்பிடித்தாரா, அதனால் நிறுவனத்தில் என்ன விளைந்தது என்பனவே அவை. இணையத் தளம் முதல் இரண்டு நிலைகளை நொடியில் அளந்து தருகிறது. 'நூறு விழுக்காட்டினர் முடித்துவிட்டனர்' என்ற அறிக்கையும் உடனே வந்துவிடுகிறது. ஆனால், 'அடுத்து' என்ற பொத்தானை இருபது முறை அழுத்தியவரும் முடித்தவராகவே பதிவாகிறார். மூன்றாம் நிலையை அறிய, யாரேனும் ஒருவர் உற்பத்திக் கூடத்திற்கு நடந்து போய்ப் பார்த்தாக வேண்டும்.

தளத்தை அமைத்துக் கொடுப்பதாலேயே கற்றல் நிகழ்ந்துவிடாது என்பதற்கு நம் பள்ளிகளின் அனுபவமே சான்று. ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ் நாட்டின் பள்ளிகளுக்கு இணையமும் ஃபிராக் என்னும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்கப்பட்டன. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவாக இருந்ததை 2013ஆம் ஆண்டுத் தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அத்திட்டம் முடிவுற்றது. கருவி முதலில் வந்து, தேவையும் பழக்கமும் பின்னர் வரும் என்று எதிர்பார்த்தால் இதுவே நேரும். தொழிற்சாலைகளும் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும்.

நம் பங்கு

மலாக்காவிலேயே ஆயிர் குரோவில் பல்லூடகப் பல்கலைக்கழகமும், டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்காவும் உள்ளன. அவற்றிலும் பிற உயர்கல்விக் கூடங்களிலும் பயிலும் நம் மாணவர்கள், இம்மாற்றத்தை வெளியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்கத் தேவையில்லை. செய்யத்தக்க பணிகள் சிலவற்றை இங்கே முன்வைக்கலாம்.

வீட்டில் வேலைக்குப் போகும் பெற்றோரிடமும் உறவினரிடமும், "உங்கள் வேலையிடத்தில் என்ன பயிற்சி தருகிறார்கள்? எந்த மொழியில் தருகிறார்கள்?" என்று கேட்டறியலாம். கணக்கைத் திறந்து கடவுச்சொல் அமைக்க அவர்களுக்கு உதவலாம். ஆனால், அவர்களுக்குப் பதிலாக நாமே விடையளித்துத் தேர்ச்சி பெற வைப்பது உதவியாகாது. பாதுகாப்புப் பாடத்தில் அப்படிச் செய்தால், அதன் விலையை அவர்களது கையும் கண்ணும் கொடுக்க நேரிடும்.

மொழிச் சங்கங்கள், தொழிற்சாலைப் பாதுகாப்பு, இரசாயனக் குறியீடு, இயந்திரப் பாகம் ஆகியவற்றிற்குத் தொழிலாளர்கள் வழங்கும் சொற்களையே கொண்டு ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைத் தொகுக்கலாம். அகராதிச் சொல்லைவிட, உற்பத்திக் கூடத்தில் புழங்கும் சொல்லே ஆபத்து வேளையில் உதவும். குரல்வளம் உள்ள மாணவர்கள் சிறு பாடங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கலாம். கணினித் துறை மாணவர்கள் மூடல் போன்ற தளத்தில் ஒரு மாதிரிப் பாடத்தை இறுதியாண்டுத் திட்டப்பணியாகவே செய்து காட்டலாம்.

பட்டம் பெற்று மனிதவளத் துறையில் அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பயிற்சி நிறுவனம் உங்களிடம் இணையப் பாடத்தை விற்க வரும்போது, விலையை மட்டும் கேளாதீர்கள். எந்தெந்த மொழியில் குரல் உண்டு, ஐம்பது வயதுத் தொழிலாளியிடம் சோதித்துப் பார்த்தீர்களா, செய்முறைக்கு என்ன வழி என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் செய்வார்.

பயிற்சி திரைக்கு மாறுவதை யாரும் தடுத்துவிட முடியாது. தடுக்க வேண்டிய தேவையும் இல்லை. மலாக்காவின் தோட்டங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் உழைத்த கைகள், எந்த வேலையைக் கொடுத்தாலும் கற்றுக்கொண்டவை. உளியிலிருந்து நுண்சில்லுக்கு மாறிய அவர்களால் இத்திரையையும் பழகிக்கொள்ள முடியும். அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்களுக்கு உரிய நேரத்தில், கையைப் பிடித்துத் திருத்த ஓர் ஆளையும் வைத்துக் கொடுத்தால் போதும். அந்த ஏற்பாட்டைச் செய்யும் இடங்களில் இனி அமரப்போகிறவர்கள் நாம்தான்.